கை நனைக்காமல் போன அமைச்சர்

தலைச்சோலைக்கு பஸ் கேட்டு மனு எழுதியது நான்தான். ஏற்காட்டில் எங்கள் மளிகைக் கடையில் சாமான் கட்டும் பழைய தாளைக்கூடப் படித்துவிட்டுத்தான் கட்டுவேன். அதனால் எனக்கு எழுத வரும் என்று ஊரில் ஒரு தப்பான எண்ணம். மனு நான்கு பக்கம். பஸ் என்ற சொல் மூன்றாம் பக்கத்தில்தான் வரும்.

பின்னால் அமைச்சரானவர், எங்கள் தொகுதிக்கு வெறும் எம்.எல்.ஏ.வாக இருந்தபோது ஜீப்பில் வந்து, தலைச்சோலை ஊர்த்தலைவர் வீட்டில் சாமைச் சோறும் கோழிக்குழம்பும் சாப்பிட்டுவிட்டு, கை கழுவிக்கொண்டே குறை கேட்பார். ரோடு வந்தது அப்படித்தான். பஸ்தான் வரவில்லை. பிரசவத்துக்குப் போகிற பெண்கள்கூட காபி மூட்டை ஏற்றிய ஜீப்பில்தான் போனார்கள். நான் மனு எழுதியபோது தலைவரின் மருமகளுக்கு எட்டாம் மாதம்.

அமைச்சரான பிறகு அவர் முதல்முறை வந்தார். பின்னால் வரிசையாகக் கார்கள். மாலை, சால்வை, பேச்சு. இலை போட்டுக் காத்திருந்தார்கள். அந்த ஊரில் விருந்தாளி கை நனைப்பதற்கு முன்னால் அவரிடம் எதையும் கேட்கமாட்டார்கள். உதவியாளர் கடிகாரத்தைக் காட்டினார். அமைச்சர் கும்பிட்டுவிட்டுக் காரேறினார். மனு தலைவரின் சட்டைப் பையிலேயே இருந்தது.

கார் பக்கத்திலாவது நீட்டியிருக்கலாமே என்று பல்லைக் கடித்தேன்.

“சாப்புடாத மனுசன்கிட்ட எப்புடிங்க கேக்கறது?” என்றார் தலைவர்.

மருமகள் ஜீப்பில்தான் போனாள். குழந்தை வழியிலேயே, மூட்டைகளுக்கு நடுவில் பிறந்தது. நல்லவேளை, இருவரும் பிழைத்தார்கள்.

அடுத்த தேர்தலில் அவர் தோற்றார். ஓட்டுப் போட்டவர்களுக்கு நன்றி சொல்ல, கூட்டத்தோடு கூட்டமாக ஜீப்பில் வந்து இறங்கினார். நானும் போயிருந்தேன். நிதானமாகச் சாப்பிட்டார், குழம்பை இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். கை கழுவி உட்கார்ந்ததும் தலைவர் மனுவை எடுத்து நீட்டினார்.

“இப்ப நான் மந்திரி இல்லீங்களே?”

“தெரியுமுங்க. நீங்க இப்பத்தானுங்க சாப்புட்டீங்க.”

அவர் நான்கு பக்கத்தையும் படித்தார். என் எழுத்தை முழுசாகப் படித்த வாசகர் இன்றுவரை அவர் ஒருவர்தான்.

“நொம்ப நல்லா எழுதியிருக்கீங்க,” என்றார் என்னிடம். “மந்திரி ஆபீஸ்ல முதல் பக்கத்தோட நிறுத்திருவோமுங்க.”

வெள்ளைத்தாள் கேட்டு வாங்கி, தன்னைத் தோற்கடித்த கட்சியின் அமைச்சருக்கு ஐந்தே வரியில் எழுதினார். முதல் வரியிலேயே பஸ் வந்துவிட்டது. ஊரார் கையெழுத்துப் போட்டார்கள், ரேகை வைத்தார்கள். கடைசியாக அவரும் போட்டார். பெயருக்குக் கீழே ‘முன்னாள்’ என்று ஆரம்பித்து, அடித்துவிட்டு, ‘பொதுமக்கள்’ என்று எழுதினார்.

பஸ் வந்தது. காலையில் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை. புது அமைச்சர் கொடியசைத்தார்.