படையலில் ஒரு மர்த்தினிக்காரர்

புதுச்சேரிக்கு வந்து இறங்கினால் முதல் வாரம் என் வாய் எனக்குக் கட்டுப்படாது. பிரான்சில் கடைக்குள் நுழைந்ததும் போன்ஷூர் சொல்லவேண்டும்; சொல்லாமல் சாமான் கேட்டால் மூஞ்சியைத் திருப்பிக்கொள்வார்கள். அந்தப் பழக்கத்தில், வைத்திக்குப்பத்தில் மீன் விற்கிறவளிடம் கைகூப்பி "வணக்கம்மா" என்றேன். "இன்னா ஆயா, ஓட்டு கேக்க வந்தியா?" என்றாள். பக்கத்துக் கூடைக்காரிகளெல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே படையலுக்கு வஞ்சிரம் வாங்கினேன். மறுநாள் என் வீட்டுக்காரருக்குத் தெவசம். எனக்குப் பிள்ளை இல்லை. வருஷாவருஷம் படையலுக்குச் சூடம் காட்டுவது என் கொழுந்தன் சபாபதி. இந்தத் தடவை என் பெட்டியில் இன்னொருவர் படமும் இருந்தது. அதை அவன் பார்த்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

படத்தில் இருப்பவர் அர்மான். மர்த்தினிக் தீவில் பிறந்த கறுப்பர். பாரிஸுக்கு வெளியே நாங்கள் குடியிருந்த கட்டடத்தில் அவருக்குக் கீழ்வீடு. பிழைப்புக்குத் தபால் பிரிக்கிற வேலை; மற்ற நேரமெல்லாம் எழுத்து, கூட்டம், வாக்குவாதம். வெள்ளைக்காரன் நாட்டுக்கு உழைக்க வந்த கறுப்பனும் தமிழனும் அரபியும் ஒரே வீட்டு ஆள் என்பார். அவர் எழுதியதை யாரும் அச்சடிக்கவில்லை. அவரே ரோனியோ மெஷினில் நகலெடுத்துச் சந்தையில் நின்று கொடுப்பார். செங்கொடிக் கட்சிக்காரர்களுக்கும் அவர் ஆகாது. கறுப்பர் சங்கதியை அப்புறம் பார்க்கலாம் என்றவர்களோடு தீராத சண்டை. பிரெஞ்சு எழுத்து எனக்கு வராது, தமிழே எழுத்துக்கூட்டித்தான் எழுதுகிறேன். இதெல்லாம் அவர் சொல்லிக் கேட்டதுதான். முதல்முதலில் எங்கள் குழம்பு வாசனைக்கு மாடியேறி வந்து, "கொலோம்போவா?" என்றார். "நான் சிலோன்காரி இல்லை, பாண்டிச்சேரி!" என்று சண்டைக்குப் போனேன். அவர்கள் தீவில் மசாலாக் குழம்புக்கே அதுதான் பெயராம்.

என் வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்துவிட்டு, கார் ஃபேக்டரிக்குப் போனவர். ஃபேக்டரியில் ஸ்ட்ரைக் நடந்தபோது, மேலே இருக்கிறவன் சொன்னால் செய்யவேண்டும் என்று இவர் மட்டும் உள்ளே போய்விட்டார். அன்று சாயந்தரம், கேட்டில் ஸ்ட்ரைக்காரர்களோடு நின்றிருந்த அர்மான் கதவைத் தட்டினார். அடிக்கத்தான் வந்திருக்கிறார் என்று நான் கதவுச் சங்கிலியை எடுக்கவில்லை. "பசிக்கிறது, மதாம்" என்றார். கதவைத் திறந்து சோறு போட்டேன். சாப்பிட்டுக்கொண்டே இவரிடம் சொன்னார்: அடிமைகளாக இருந்த அவர் பாட்டன்மார் விடுதலையாகி நியாயமான கூலி கேட்டார்கள், அதைக் கொடுக்காமலிருக்க எங்கள் ஊர்த் துறையிலிருந்து ஜனங்களைக் கப்பலேற்றிக் கரும்புக்காட்டில் இறக்கினார்கள். "உங்கள் ஆட்களை வைத்து எங்களை உடைத்தார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை, அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. உனக்கு நான் சொல்லிவிட்டேன்." மறுநாள் இவர் ஃபேக்டரி கேட்டுக்கு வெளியே, அர்மான் பக்கத்தில் நின்றார்.

அந்தக் கப்பல் கிளம்பிய கடற்கரையை ஒருதரம் பார்க்கவேண்டும் என்பார் அர்மான். பார்க்காமலே, போன குளிர்காலத்தில் கண்ணை மூடிவிட்டார். அவருக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது. அதனால்தான் படத்தைக் கொண்டுவந்தேன். என் வீட்டுக்காரர் படத்துக்குப் பக்கத்தில் வைத்து, அவருக்கும் பொட்டு வைத்து, இலை போட்டேன்.

சபாபதி வந்தான், பார்த்தான்.

"இது யாரு அண்ணி?"

"அர்மான். உங்கண்ணன் சவப்பொட்டியத் தோள்ல தூக்கனவரு."

"தூக்கனா நடுவீட்ல வெச்சுப் படைப்பாங்களா? பிரெஞ்சுக்காரன எதுத்துப் பேசன ஆளு. நாம சொல்தா குடும்பம். நாலு பேரு வராங்க. அவரு உங்களுக்கு இன்னா வேணும்னு கேக்க மாட்டாங்க?"

கரண்டி என் கையில் அப்படியே நின்றது. நாலு பேர் கேட்பதாகச் சொல்லி அவன்தான் கேட்கிறான். கரண்டியை வைத்துவிட்டு நிமிர்ந்தேன்.

"கேக்கட்டும் தம்பி. உங்கண்ணன நிமிந்து நிக்க வெச்சவருன்னு சொல்லு."

"அந்தப் படத்த எடுத்தாத்தான் சூடம் காட்டுவேன்."

"அப்ப காட்டாத."

விருட்டென்று தெருவுக்குப் போய் வண்டிமேல் சாய்ந்துகொண்டான். அதற்குள் சொந்தக்காரர்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். இலையில் வஞ்சிரம் ஆறிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் பொம்பளை சூடம் காட்டி யாரும் பார்த்ததில்லை. அவன் திரும்பி வருவானா என்று வாசலையே பார்த்தேன். வரவில்லை. தீப்பெட்டியை எடுத்தேன். முதலில் இவருக்குக் காட்டினேன், அப்புறம் அர்மானுக்கு. பாதிப் பேர் சாப்பிடாமல் எழுந்து போனார்கள். சபாபதி பெண்டாட்டி செல்வி மட்டும் உட்கார்ந்து, தலை நிமிராமல் சாப்பிட்டாள்.

அடுத்த வாரம் பிரான்சுக்குத் திரும்புகிறேன். அங்கே பெரிய மனுஷர்கள் பேரில் தெரு வைப்பார்கள்; அர்மான் பேரில் ஒன்றும் கிடையாது. படம் இங்கேயே இருக்கட்டும் என்று செல்வியிடம் சொன்னேன். நான் இல்லாதபோது வீட்டுச்சாவி அவளிடம்தான்.

"வெளக்கேத்தறப்ப அவருக்கும் காட்டறேங்க்கா" என்றாள். அப்புறம் குரலைத் தணித்து, "ஆனா எங்க வீட்டுக்காரு வர அன்னிக்கு மட்டும் செவுத்துப் பக்கம் திருப்பிடுவேன். அவரு போனதும் இந்தப் பக்கம் திருப்பிடறேன்."

சரி என்றேன். படம் இரண்டு பக்கமும் திரும்ப வேண்டுமே என்று, கயிற்றைக் கொஞ்சம் நீளமாக விட்டு ஆணியில் மாட்டினேன்.