கேற்றுக்குள் ஏறாத கார்

ஐம்பத்தெட்டு வயதில் எனக்கு இரண்டு சீட் கார் ஒன்றின் மேல் ஆசை வந்தது. ஆசை என்றே எழுதுகிறேன். தேவை என்று சொன்னால் பொய்யாகிவிடும். கல்முனையில் இரண்டு சீட் காருக்கு ஒரு தேவையும் இல்லை. இங்கே வாகனம் என்றால் அதில் எட்டுப் பேர் ஏற வேண்டும், நெல் மூட்டை ஏற வேண்டும், வலி கண்ட பிள்ளைத்தாச்சியும் ஏற வேண்டும்.

அப்படியொரு வேன் என்னிடம் இருபது வருடமாக இருக்கிறது. பதிவு என் பெயரில், பாவனை தெருவுக்கு. கல்யாணத்துக்குக் கேட்பார்கள், ஆஸ்பத்திரிக்குக் கேட்பார்கள், கட்டாரிலிருந்து வருகிறவரை ஏற்றிவரக் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குக் கேட்பார்கள். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. சாவியைக் கொடுத்துவிட்டு உள்ளே வந்து மனைவியிடம் எரிந்து விழுவேன்.

"குடுக்கவும் வேணும், கத்தவும் வேணுமா? ரெண்டில ஒண்டச் செய்யுங்க" என்பாள் அவள்.

இரண்டு சீட் கார் என்றால் யாரும் இரவல் கேட்க முடியாது. முதலில் என்னைப் பிடித்தது இந்த எண்ணம்தான்.

சில வருடங்கள் வெளிநாட்டுக் கார்கள் நாட்டுக்குள் வராமலே இருந்தன. தடை நீங்கியதும் கொழும்பில் ஒரு கம்பனி மஞ்சள் நிறத்தில் ஒரு ஸ்போர்ட்ஸ் காரை இறக்கியது. முன்பணம் கட்டிய ஆள் கடைசி நேரத்தில் கைவிட்டுவிட்டாராம். அந்த நிறத்தைப் பார்த்து வேறு யாரும் கிட்ட வரவில்லை. மாதக்கணக்கில் கண்ணாடிக்குப் பின்னால் நின்றதும் விலையில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்து விளம்பரம் போட்டார்கள். அது என் போனில் வந்தது. ஒரு தரம்தான் தொட்டுப் பார்த்தேன். பிறகு போன் என்னை விடவில்லை. சீமெந்து விலை பார்க்கப் போனாலும் மஞ்சள் கார் வந்து நின்றது.

நான் ஹாட்வெயார் கடை வைத்திருப்பவன். எங்கள் பக்கத்துக் குடும்பங்களில் பெண் பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கல்யாணம் முடிப்பார்கள். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியேறுவார். நானும் அப்படி வந்து ஏறியவன்தான். இன்று வரை இருப்பது மனைவியின் வீட்டில். ஊரில் ஒரு பெண் பிள்ளை பிறந்தால் பத்து வருடத்துக்குள் அதன் வாப்பா என் கடைப் படியேறிக் கம்பி விலை கேட்பார் என்பதால், இந்த வழக்கத்தைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. எனக்கும் மூன்று பெண் பிள்ளைகள். மூவருக்கும் மூன்று வீடு. கடைசி வீட்டுக்குப் போன மாதம்தான் டைல்ஸ் பதித்து முடித்தோம். என் வாழ்க்கையில் முதல் தடவையாக, கட்ட வேண்டிய சுவர் ஒன்றும் மிச்சமில்லாமல் நின்றேன்.

கடைசி மகள் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறாள். நிந்தவூரில் அவளுக்கு மாப்பிள்ளை பேசி முடித்திருந்தோம். நீர்ப்பாசனத்தில் இன்ஜினியர். கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருந்தது. "நாங்க ஒண்டும் கேக்கல்ல, உங்கட மகளுக்கு நீங்க விரும்பினதக் குடுங்க" என்றார்கள் மாப்பிள்ளை வீட்டார். எங்கள் ஊரில் நல்ல மனிதர்கள் சொல்கிற வாக்கியம் இது. மற்றவர்களும் இதையேதான் சொல்வார்கள்.

விளம்பரத்திலிருந்த நம்பருக்கு நான் எடுத்துக் கதைத்திருந்ததால், கம்பனிக்காரர் ஒரு வியாழக்கிழமை பின்னேரம் காரைக் கொண்டு வந்தார். பாசிக்குடா ஹோட்டல் ஒன்றில் காட்சிக்கு வைத்துவிட்டு, அதோடு என்னையும் ஒரு தரம் பார்த்துப் போகலாம் என்று வந்திருந்தார். முப்பது வயது மதிக்கத்தக்க கொழும்பு ஆள், வார்த்தைக்கு வார்த்தை "சேர்". முதல் வேலையாகக் காரைக் கேற்றுக்குள் ஏற்றப் பார்த்தார். வடிகானுக்கு மேல் நான் போட்ட கொன்கிரீட் சரிவு வேனுக்கு அளவானது. காரின் வயிறு அதில் உரசிய சத்தத்துக்கு அவர் முகம் வெளுத்துவிட்டது. பின்னால் எடுத்து, மதிலோரமாகத் தெருவிலேயே நிறுத்தினார்.

"ஒரு நாள் வச்சு ஓட்டிப் பாருங்க சேர். நாளைக்குப் பின்னேரம் வந்து எடுத்துக்கிறேன்" என்று சொல்லி, சாய்ந்தமருதில் உள்ள சொந்தக்காரர் வீட்டுக்கு ஓட்டோ பிடித்துப் போனார்.

மனைவி வெளியே வந்து காரைச் சுற்றிப் பார்த்தாள். "இதுக்குள்ள நான் இரிந்தா எழுப்ப ரெண்டு பேர் வேணும்" என்றாள். பிறகு, "உங்களுக்கு ஆசையெண்டா வாங்குங்க. என்னக் கேக்காதீங்க" என்றும் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை விடியச் சுபஹ் தொழுதுவிட்டுக் காரை எடுத்தேன். உள்ளே இருந்தால் ஊர் வேறு உயரத்தில் தெரிகிறது. பஸ் ஒன்று பக்கத்தில் வந்தபோது அதன் சில்லுகள்தான் எனக்கு நேரே சுற்றின. சாய்ந்தமருது முழுக்க நாற்பதைத் தாண்டவில்லை. மாடு, மீன்காரரின் சைக்கிள், ரோட்டோரம் காயப் போட்ட நெல், எல்லாவற்றுக்கும் வழிவிட்டேன். காரைதீவைக் கடந்த பிறகு இரண்டு பக்கமும் வயல். ரோட்டில் ஆளில்லை. அங்கே அழுத்தினேன். இரண்டு நிமிடம் இருக்கும். சந்தோஷமாக இருந்தது. அவ்வளவு சந்தோஷத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் தனியே சிரித்தேன். திருப்ப வசதியான இடம் தேடி நிந்தவூர்ச் சந்தி வரை போய்த் திரும்பினேன். மாப்பிள்ளையின் ஊர்ச் சந்தி அது என்பது அந்த நேரம் என் மண்டையில் ஏறவில்லை.

எங்கள் வீடு பள்ளிவாசலுக்குப் போகிற தெருவில் இருக்கிறது. பகல் ஜும்ஆ தொழுகை முடிந்து வந்தவர்கள் எல்லோரும் காருக்குப் பக்கத்தில் நின்றுதான் போனார்கள். கண்ணாடியில் கை வைத்து உள்ளே எட்டிப் பார்த்தார்கள். "மாஷா அல்லாஹ்" என்றார்கள். கடைத்தெருவில் எனக்குத் தெரிந்த புடவைக்கடைக்காரர் ஒருவர் என் தோளில் தட்டினார்.

"ஹாஜியார், மாப்புளக்கு நல்ல சாமானாத்தான் புடிச்சிரிக்கீங்க."

இல்லை, இது எனக்கு என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். ஐந்தாறு பேர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாடியில் பாதிக்கு மேல் நரைத்த ஆள், தலையில் தொப்பி, பின்னால் மஞ்சள் கார். நான் சிரித்து வைத்தேன். கல்யாணம் பேசிய வீட்டு வாசலில் ஒரு புதுக் கார் நின்று, பெண்ணின் வாப்பாவும் சிரித்தால், எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு அது தெரியாமல் இல்லை.

பின்னேர அஸர் தொழுகைக்கு முன்னமே மாப்பிள்ளையின் உம்மா என் மனைவிக்குப் போன் எடுத்துவிட்டார். மனைவி சமைத்த கையோடு நின்றதால் ஸ்பீக்கரில் போட்டாள்.

"மச்சி, நாங்க ஒண்டும் கேக்கல்லயே! இவ்வளவு செலவு என்னத்துக்கு? காலையில மச்சான் அத நிந்தவூருக்கே ஓட்டிக்கிட்டு வந்தாராம், சந்தியில கண்டாக்கள் சொன்னாங்க. எனக்கெண்டாச் சந்தோசம்தான். ஒண்டு மட்டும் கேக்கிறன், குறை நினைக்காதீங்க. வேற கலர் இல்லையா?"

மனைவி என்னைப் பார்த்தாள். "அவரோட கதைச்சிட்டுச் சொல்றன் மச்சி" என்று வைத்தாள். பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்த மகள் சிவப்புப் பேனையோடு எழுந்து வந்தாள்.

"மாப்புளக்கு எண்டு நீங்க சொன்னீங்களா வாப்பா?"

"சொல்லல்ல."

"இல்லையெண்டு சொன்னீங்களா?"

"அதுவும் சொல்லல்ல."

அவள் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். நிலைமை எனக்கும் விளங்கியது. வாங்கி மாப்பிள்ளைக்குக் கொடுத்தால், யாரும் கேட்காத சீதனத்தை நானே உண்டாக்கியவன் ஆவேன். வாங்கி நானே வைத்துக்கொண்டால் மாப்பிள்ளை வீட்டாருக்கு ஊரில் தலை காட்ட முடியாது. வாங்காமல் விட்டால், காட்டிவிட்டுப் பின்வாங்கிய வீடு என்று பெயர். எந்தப் பக்கம் போனாலும் அடி மகளுக்குத்தான் விழும். என் மேல் எனக்கே கடும் கோபம் வந்தது. அதை வழக்கம் போல் மனைவியிடம் காட்டப் பார்த்தேன். அவள் இடம் கொடுக்கவில்லை.

"அவருக்கு எடுத்து உண்மையச் சொல்லுங்க" என்றாள் மகள். "ஸ்பீக்கரில போடுங்க. என்ன சொல்றார் எண்டு எனக்கும் கேக்கணும்."

"புள்ள, அவர் வேற மாதிரிக் கதைச்சிட்டா?"

"கதைச்சா இப்பவே தெரியட்டும். வீடு குடிபூந்த பிறகு தெரிஞ்சு என்ன செய்யிற?"

அவள் குரலில் நடுக்கம் இல்லை. பேனையின் மூடியை மட்டும் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தாள். நான் நம்பரை அழுத்தினேன். மாப்பிள்ளை அம்பாறையில் ஒபிஸில் இருந்தார்.

"மகன், வாசலில நிக்கிற கார் உங்களுக்கில்ல. எனக்கு வாங்கத்தான் பார்த்த. ஆக்கள் மாறி விளங்கிட்டாங்க. நானும் பேசாம இரிந்திட்டன். என்னில பிழை."

மகள் பேனையை மேசையில் வைத்தாள்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் மாப்பிள்ளை. "மாமா, பகலில இருந்து ஒபிஸில எல்லாரும் பார்ட்டி கேட்டு உயிரெடுக்கிறாங்க. நான் இறக்காமத்தில குளக்கட்டு வழிய திரியிற ஆள். இத எடுத்துக்கிட்டு விவசாயக் கூட்டத்துக்குப் போனா ஒருத்தரும் எனக்கு முகம் தர மாட்டாங்க. எப்பிடி வேணாமெண்டு சொல்ற, உங்களுக்கு மனம் நோகுமே எண்டு யோசிச்சுக்கிட்டு இரிந்தன்."

"உங்கட உம்மா?"

"உம்மாட்ட நான் கதைக்கிறன். நீங்க வாங்குங்க மாமா. உங்களுக்கு நல்லா இரிக்கும்."

போனை வைத்ததும் மகள் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். பிறகு எழுந்து, ஒன்றும் நடக்காதது போலக் கொப்பி திருத்தப் போனாள். எனக்கு நெஞ்சிலிருந்த பாரம் இறங்கிவிட்டது. நல்ல மருமகன். மூன்று மருமகன்மாரில் இவனைத்தான் முதன்முதலாக எனக்கு உண்மையிலேயே பிடித்தது.

இனி ஒரு தடையும் இல்லை. கையில் காசு இருந்தது. மாப்பிள்ளை வாங்கு என்றுவிட்டார். "சரிவ உடைச்சிக் கட்டினாக் கார் ஏறும். சீமெந்துக்கா பஞ்சம்?" என்றாள் மனைவி. நான் வெளியே போய்க் காருக்குப் பக்கத்தில் நின்றேன். எதிர்ப்பக்கத்தால் போன இருவர் சலாம் சொன்னார்கள். மாப்பிள்ளைக்கு இல்லையாம், அவருக்குத்தானாம் என்று நாளைக்கு இவர்கள் சொல்வது எனக்கு இப்போதே கேட்டது. ஹாஜியாருக்கு இந்த வயதில் என்ன வந்தது என்று தேத்தண்ணிக் கடையில் கேட்பார்கள். கடைக்கு ஆணி வாங்க வருகிறவனும் கார் எங்கே என்று கேட்டுச் சிரிப்பான்.

கம்பனிக்காரர் சொன்னபடி வந்தார். விறாந்தையில் இருத்தினேன்.

"என்ன சேர், முடிவு?"

"கார் நல்லம் தம்பி. ஆனா மகளுக்குக் கல்யாணம் வச்சிரிக்கம். இந்த நேரத்தில சரிவராது."

"இன்னும் கொஞ்சம் குறைச்சுத் தரலாம் சேர். நான் மேல கதைச்சுப் பாக்கிறேன்."

"விலையில்ல தம்பி. மகள்ர கல்யாணம்."

அவர் மரியாதையாகத் தலையாட்டினார். மகளின் கல்யாணம் என்று ஒரு வாப்பா சொன்னால் அதற்கு மேல் எந்த விற்பனைக்காரரும் பேச முடியாது. அது எனக்கு நன்றாகத் தெரியும். அந்த நேரம் மகள் தேத்தண்ணி கொண்டு வந்து அவருக்கு முன்னால் வைத்தாள். திரும்பிப் போகாமல் நின்றாள்.

"வாப்பா, என்ட பேரச் சொல்லாதீங்க" என்றாள்.

அந்நிய ஆளுக்கு முன்னால் அவள் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை.

"உம்மாவ நுவரெலியாவுக்குக் கூட்டிப் போகாததுக்கும் நாங்கதான் காரணம். உங்கட கண் ஒப்பரேசன தள்ளிப் போட்டதுக்கும் நாங்கதான். கேட்டு வளந்த கதைதானே, நாங்க ஒண்டும் சொல்லல்ல. இதுக்கு மட்டும் நான் காரணம் இல்ல."

கோபமாகச் சொல்லவில்லை. வகுப்பில் பிழையாகச் செய்த கணக்கைக் காட்டுவது போலத்தான் சொன்னாள். நான் எரிந்து விழ வாயைத் திறந்தேன். திரும்ப மூடினேன். அவள் சொன்னது சரி. கம்பனிக்காரர் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் இருந்தார்.

"அப்ப, வேற ஏதும் காரணமா சேர்?" என்று மெதுவாகக் கேட்டார்.

மகள் இன்னும் நின்றுகொண்டிருந்தாள். முப்பது வருடத்தில் முதல் தடவையாக எனக்கு முன்னால் நிறுத்திவைக்க ஒரு பிள்ளையும் இல்லை.

"பயம் தம்பி" என்றேன். "ஆக்கள் சிரிப்பாங்க எண்டு பயம்."