ஏற்காட்டுக்குப் போன தலையணை

மாமாவுக்கு, என் வீட்டுக்காரரின் அப்பாவுக்கு, பக்கவாதம் வந்து வலக்கை விழுந்து பேச்சும் குழறிப்போன பிறகு, எங்கள் வீட்டில் அவருடைய குரல் ஓர் எவர்சில்வர் டம்ளர்தான். இடக்கையால் அதை எடுத்துக் கட்டிலின் இரும்புக் கம்பியில் தட்டுவார். தண்ணீர் வேண்டுமென்றாலும் தட்டுவார், புரட்டிப் படுக்கவைக்க வேண்டுமென்றாலும் தட்டுவார், கொசு கடித்தாலும் தட்டுவார். மில்லில் தறி ஓட்டிய கை. தெருமுனை வரை கேட்கும். பக்கத்திலேயே படுத்திருக்கும் என் வீட்டுக்காரருக்கு மட்டும் கேட்காது. பகலெல்லாம் ஒயரிங் வேலை பார்க்கிறவர், பாவம், படுத்தால் கும்பகர்ணன். ஆகவே வருஷக்கணக்கில் இரவில் எழுந்து போகிறவள் நான்தான்.

விடிந்தால் துணிக்கடை. "அந்த நீலத்தை எடும்மா, அதுக்குக் கீழ இருக்கறத எடும்மா" என்று கேட்பவர்களுக்கெல்லாம் புடவையைப் பிரித்துப் போட்டு, அவர்கள் போனதும் மடித்து வைக்க வேண்டும். ஒருநாள் மடித்துக்கொண்டிருந்த புடவை மேலேயே தலையைச் சாய்த்துவிட்டேன். வாங்க வந்த அம்மா பயந்துபோய் சோடா கொண்டுவரச் சொன்னார். அன்று வீட்டுக்கு வந்து வாய்விட்டு அழுதேன்.

"எனக்கு சீலை வேணாம், நகை வேணாம். ஒரே ஒருநாள் நல்லா தூங்கணுங்க."

அதற்கு அவர் கண்டுபிடித்த வைத்தியம்தான் ஏற்காடு. "குளுகுளுன்னு இருக்கும். போத்திக்கிட்டுப் படுத்தா எழுந்திருக்கவே மனசு வராது பாரு" என்றார். கூட வேலை செய்பவரின் காரை இரவல் வாங்கினார். மாமாவைப் பார்த்துக்கொள்ள அரியாங்குப்பத்திலிருந்து நாத்தனார் வந்தாள். நான் மாற்றுத்துணி, இரண்டு எலுமிச்சம்பழம், என் தலையணை, இந்த மூன்றையும் எடுத்து வைத்தேன். இலவம்பஞ்சுத் தலையணை. எண்ணெய் இறங்கி, என் தலைக்கென்றே நடுவில் குழி விழுந்தது.

"அங்க தலையணை இல்லாமயா இருக்கும்?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மதகடிப்பட்டைத் தாண்டியதும் செக்போஸ்டில் கை காட்டி நிறுத்தினார்கள். சனிக்கிழமை காலையில் புதுச்சேரி நம்பர் கார் எல்லையைத் தாண்டினால் உள்ளே பாட்டில் இருக்கும் என்பது ஊரறிந்த நம்பிக்கை. சாவு வீட்டில்கூட ஒரு சொட்டு தொடாத என் வீட்டுக்காரர், திருடிவிட்டவர் மாதிரி கைகட்டி நின்றார். ஒரு பெண் போலீஸ் டிக்கியைத் திறந்து தலையணையை மூலைக்கு மூலை அமுக்கிப் பார்த்தார்.

"எதுக்கும்மா இது?"

"தூங்கறதுக்கு."

"தூங்கறதுக்கா ஏற்காடு போறீங்க?"

"ஆமா."

அவர் என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். அவர் கண்ணும் சிவந்துதான் இருந்தது. "போங்க, நல்லா தூங்குங்க" என்று டிக்கியை அவரே மூடினார்.

காரில் தூங்கலாம் என்றால் இவர் விட்டால்தானே? அங்கே ஏரி, இங்கே கோயில் என்று வழியெல்லாம் திட்டம். நடுநடுவே நாத்தனாரின் போன். "அண்ணி, பிரஷர் மாத்திரை எது?" "அண்ணி, கஞ்சிக்கு உப்பு போடலாமா?" கொண்டை ஊசி வளைவுகளில் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினேன். பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறத்தான் வேண்டும் என்பார்கள். எனக்கு வாய்த்தது மலை.

அறையில் பையை வைத்த கையோடு ஊர் சுற்றக் கிளப்பிவிட்டார். ஏரிக்குப் போனோம், பனிமூட்டத்தில் ஏரியைக் காணோம். ஓரிடத்தில் கம்பியைப் பிடித்து நிற்கவைத்து, "இங்கேர்ந்து பாத்தா சேலமே தெரியும்" என்றார். எதிரே சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெள்ளையாக இருந்தது. அதன் முன்னால் நின்று ஜனங்கள் செல்பி எடுத்துக்கொண்டிருந்தார்கள். மிளகாய் பஜ்ஜி மட்டும் நன்றாக இருந்தது, அதைச் சொல்லியாக வேண்டும்.

அன்று இரவு கம்பளிக்குள் அவர் குறட்டை விட, நான் விட்டத்தைப் பார்த்துக் கிடந்தேன். உடம்பு கட்டை மாதிரி கிடந்தது, காது மட்டும் எழுந்து உட்கார்ந்திருந்தது. வீட்டில் டம்ளர் சத்தம் என்னை எழுப்பும். இங்கே அந்தச் சத்தம் இல்லாததே எழுப்பியது. ஒருவேளை தட்டி எனக்குக் கேட்கவில்லையோ என்று பதறிப் பதறி எழுந்தேன். என் மீதே எனக்கு ஆத்திரம் வந்தது. இவ்வளவு தூரம் வந்தும் தூங்கத் தெரியாத ஒரு ஜென்மம்.

காலையில், "வீட்டுக்குப் போயிடலாங்க" என்றேன்.

அவர் முகம் விழுந்துவிட்டது. "பகோடா பாயிண்ட் பாக்கலயே. மேல கோயில் இருக்கு. இனிமே எப்ப வரப்போறோம்?"

சரி என்று காரில் ஏறினேன். பாதி வழியில் பனி இறங்கி முன்னால் சாலையே தெரியவில்லை. ஓரமாக நிறுத்திவிட்டு, "டீ வாங்கிட்டு வரேன்" என்று இறங்கினார். டீ வரும்வரை என்று தலையணையைக் கண்ணாடியோரம் வைத்துச் சாய்ந்தேன்.

விழித்தபோது பனி விலகி வெயில் சாய்ந்திருந்தது. டேஷ்போர்டில் டீ ஆடை கட்டி ஆறிப்போயிருந்தது. அவர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வெளியே நின்றார். கொய்யாப்பழம் விற்கிற அம்மா கண்ணாடியைத் தட்டப் போக, வாயில் விரலை வைத்துத் தடுத்துக்கொண்டிருந்தார். பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது என்பது சரிதான். பஞ்சு மெத்தையில் வராதது இரவல் காரின் இருக்கையில் வந்திருக்கிறது.

"எழுப்பியிருக்கலாமில்ல? கோயில், பாயிண்ட்டு எல்லாம் போச்சே."

அவர் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். சாவியைத் திருகவில்லை.

"தூக்கத்துல திடீர்னு எழுந்து உக்காந்துகிட்ட. 'வரேன் மாமா, வரேன்'னு சொன்ன. கண்ணத் தொறக்கல. அப்பறம் சாஞ்சிட்ட. கொஞ்ச நேரத்துல மறுபடியும் அதே மாதிரி. வீட்லயும் இப்படித்தானா?"

"வீட்ல தூங்குனாத்தானே?"

பிறகு சாவியைத் திருகி, மேலே போகாமல் வண்டியைக் கீழே இறக்கினார். எனக்கு அழுகை வந்தது, களைப்பாக இருந்ததால் அழவில்லை.

ராத்திரி ஒன்பது மணி சுமாருக்கு வீடு வந்து சேர்ந்தோம். நாத்தனார் தலைவிரி கோலமாக வாசலில் நின்றாள். "எப்படி அண்ணி சமாளிக்கிறீங்க?" என்று கேட்டவள், பதிலுக்குக்கூட நிற்காமல் கடைசி பஸ்ஸுக்கு ஓடினாள். மாமா தூங்கிக்கொண்டிருந்தார். புடவைகூட மாற்றாமல் கூடத்தில் தலையணையைப் போட்டுப் படுத்தேன்.

கண் சொக்கும்போது டம்ளர் தட்டியது. பழக்கத்தில் கையை ஊன்றிவிட்டேன். அதற்குள் என் வீட்டுக்காரர் என்னைத் தாண்டி உள்ளே போனார்.

"இரு நைனா, நான்தான்."

சொம்பு உருளும் சத்தம். எதை எங்கே வைத்திருக்கிறேன் என்று தெரியாமல் தடவுகிறார். மாமா குழறலாக என்னவோ கேட்டார். எனக்குப் புரிந்தது. அவ எங்கே என்று கேட்கிறார்.

"அவ தூங்குறா" என்றார்.

நான் தூங்கவில்லை. ஊன்றிய கையை மெல்ல மடக்கி, மூச்சுக்கூடப் பெரிதாக விடாமல், தூங்குகிறவளைப் போலவே படுத்திருந்தேன்.