ஒற்றைத் தையலும் இரட்டைக் கோடும்

ஒரு பிரிண்டர் என்னிடம் கேள்வி கேட்டது. கேள்வியைப் படிக்காமலேயே பதில் எழுதினேன். மறுபடியும் கேட்டது. மறுபடியும் அப்படியே எழுதினேன். தடித்தடி நாவல்களை எல்லாம் விழுந்து விழுந்து படிக்கிறவன் என்று ஊரில் எனக்கு ஒரு பெயர் உண்டு. கம்ப்யூட்டர் திரையில் இருந்த இரண்டே வரியைப் படிக்கத்தான் மனசு வரவில்லை!

விஷயம் இதுதான். ஆம்பூரில் எங்கள் தெருக்கோடியில் ரஃபீக் பாய் சின்னதாக ஒரு யூனிட் வைத்திருக்கிறார். லேடீஸ் செருப்பு தைக்கிற வேலை. இத்தனை காலம் பெரிய கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுத்தவருக்கு, முதல்முறையாகச் சொந்தப் பெயரில் ஓர் ஆர்டர் வருகிற மாதிரி இருந்தது. சனிக்கிழமை சாயந்திரம் சென்னையிலிருந்து ஏஜென்ட் வருகிறார். சாம்பிள்களின் கலர் ஃபோட்டோ கொடுத்தால் வெளிநாட்டுப் பார்ட்டிக்கு அனுப்பி வைப்பார்.

"பஜார்ல ஸ்டுடியோகாரனாண்ட குடுத்துர்றேன் சார்" என்றார் பாய்.

அங்கேயே நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். விட்டேனா?

"ஸ்டுடியோ எதுக்கு பாய்? நம்ம வீட்டுல ஃபோட்டோ பிரிண்டர் சும்மாதான கிடக்குது. மச்சான் குடுத்த டிஜிட்டல் கேமரா வேற இருக்கு. சனிக்கிழமை காலைல வாங்க, டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள ரெடி."

வந்தார். ஜன்னலோரம் வெள்ளைச் சார்ட்டை விரித்து, செருப்புகளை வரிசையாக உட்காரவைத்துப் படம் எடுத்தோம். பிரிண்டருக்குப் புது கார்ட்ரிட்ஜும் போட்டேன். முதல் படம் வெளியே வந்தது.

பாய் அதைப் பார்த்தார். செருப்பைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

"இன்னா சார் இது, நான் சிங்கிள் தையல்தான போட்டேன்? இதுல டபுளா கீது!"

இருந்தது. வாரில் ஓடிய ஒரே தையல், படத்தில் இரண்டாகத் தெரிந்தது. வாரை மாட்டுகிற பக்கிளுக்கு நிழல் மாதிரி இன்னொரு பக்கிள். இன்க்ஜெட் பிரிண்டரில் அச்சடிக்கும் 'தலை' இப்படிப் போகும்போதும் மை தெளிக்கும், அப்படி வரும்போதும் தெளிக்கும். போன தெளிப்பும் வந்த தெளிப்பும் ஒரே இடத்தில் சேராவிட்டால் ஒரு கோடு இரண்டாகிவிடும். கார்ட்ரிட்ஜ் மாற்றினால் இது நடக்கும், தலையை நேராக்க வேண்டும் என்று கூட வந்த புத்தகத்தில் போட்டிருந்தது. இதற்கு 'ஹெட் அலைன்மென்ட்' என்று பெயர். கம்ப்யூட்டரில் ஒரு பட்டனை அழுத்தினால் பிரிண்டர் ஒரு சோதனைத் தாளைத் துப்பும். அதில் வரிசை வரிசையாகக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எண். வரிசைக்கு ஓர் எண்ணை நாம் திரையில் நிரப்ப வேண்டும்.

இங்கேதான் ஆம்பூர்க்காரப் புத்தி வேலை செய்தது.

நான் வேலை பார்ப்பது தோல் ஏற்றுமதி கம்பெனி ஆபீஸில். பாயோ யூனிட் போடுவதற்கு முன் தொழிற்சாலையில் தோலைத் தரம் பிரித்தவர். எங்கள் ஊரில் எண் என்றால் அது தரம்தான். சுத்தமான தோல் ஃபர்ஸ்ட். கீறல் இருந்தால் செகண்ட், தேர்ட்... எண் ஏற ஏற விலை இறங்கும். எண் கேட்டால் எங்களுக்கு வேறு எந்த நினைப்பு வரும்?

பாய் தாளை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். கட்டைவிரலால் தடவினார். பழக்கதோஷத்தில் மூலையை மடித்து, சுருக்கம் விழுகிறதா என்றுகூடப் பார்த்தார்!

"மொத வரிசை செகண்ட் சார். அடுத்தது தேர்டுல போடுங்க. கடைசி வரிசை... சே, ரிஜெக்ட்டு."

"ரிஜெக்ட்டுக்கு எத்தனை பாய்?"

"இருக்கறதுலயே பெரிய நம்பரைப் போடுங்க. புத்தி வரட்டும்."

போட்டேன். பிரிண்டர் பணிவாக ஏற்றுக்கொண்டது. அடுத்த படத்தில் இரண்டு தையலும் இன்னும் தள்ளித் தள்ளி நின்றன. வாரே இரண்டாகப் பிளந்த மாதிரி இருந்தது.

"நாம கறாரா பாக்கல சார்" என்றார் பாய். கறாராகப் பார்த்தோம். இன்னும் மோசம். அடுத்த தடவை தாராளமாக எல்லா வரிசைக்கும் ஒன்றாம் எண்ணையே அள்ளிக் கொடுத்தோம். சந்தோஷப்பட்டாவது ஒழுங்காக அடிக்குமே! அடித்தது. அந்தச் செருப்பைப் போட ஒரு காலுக்கு இரண்டு பாதம் வேண்டும்.

பாய்க்கு முகம் வாடிவிட்டது. ஸ்டுடியோவுக்கு ஃபோன் போட்டோம். திங்கட்கிழமைதான் கிடைக்கும் என்றார்கள்.

"பேஜாராப் போச்சு சார். இதுவும் போச்சுன்னா நான் கடைசி வரைக்கும் கூலித் தையல்தான்."

ஸ்டுடியோவுக்குப் போகிறேன் என்றவரை மடக்கி உட்காரவைத்தது யார்?

அப்போதுதான் என் மனைவி எஸ்தர் விடைத்தாள் கட்டோடு அந்தப் பக்கம் வந்தாள். ஸ்கூல் டீச்சர். திரையை ஒரு தடவை பார்த்தாள்.

"ஏங்க, 'ஒவ்வொரு வரிசையிலும் கோடு தெரியாத கட்டம் எது, அதோட நம்பரைப் போடு'ன்னு கேட்டிருக்கு. நீங்க வரிசைக்கு மார்க் போட்டிருக்கீங்க."

நானும் பாயும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"எங்க பத்தாங்கிளாஸ் பசங்களும் இப்படித்தான். கேள்வி என்னவா வேணா இருக்கட்டும், மனப்பாடம் பண்ணத எழுதிட்டு வந்துடுவானுங்க."

நியாயமான பேச்சு. கேட்ட கேள்விக்கா நாம் பதில் சொல்கிறோம்? கையில் எந்தப் பதில் தயாராக இருக்கிறதோ அதைச் சொல்கிறோம்!

கேள்விப்படியே எண்களைப் போட்டோம். அடுத்த படம் கண்ணாடி மாதிரி வந்தது. ஒரு தையல், ஒரு பக்கிள். எல்லாப் படங்களும் சுத்தம் — மெரூன் கலர் செருப்பைத் தவிர. அதில் மட்டும் பக்கிள் பக்கத்தில் தையல் நெளிந்தது. மறுபடி அலைன்மென்ட், மறுபடி பிரிண்ட். அதே இடத்தில் அதே நெளிசல்.

"மத்ததெல்லாம் நேரா வருதே... இது மட்டும் எப்படி?" என்றேன்.

பாய் பையிலிருந்து மெரூன் செருப்பை எடுத்துக் கண்ணருகே வைத்துப் பார்த்தார்.

"சார்... பிரிண்டர் கரீட்டாதான் கீது. கோணல் நம்மளுது."

உண்மையிலேயே தையல் கோணல்! அதைப் பிரித்துத் தைக்கவும் வழியில்லை. தோலில் பழைய ஊசித் துளை அப்படியே நிற்கும். வாரையே புதிதாக வெட்ட வேண்டும். பாய் செருப்பைக் கையில் பிடித்தபடி, காலில் செருப்பு மாட்டாமலே யூனிட்டுக்கு ஓடினார். மத்தியானத்துக்கு மேல் புது வாரோடு திரும்பினார். படம் எடுத்தோம், அடித்தோம். நேர்க்கோடு. மை காயக் காய எடுத்துக்கொண்டு ஓடினார்.

எனக்குச் சாயந்திரம் முழுக்க இருப்புக் கொள்ளவில்லை. இருட்டுகிற நேரத்துக்கு ஃபோன் வந்தது.

"சார், ஆர்டர் ஓகே! இப்ப கம்மியாதான். சரக்கு நல்லா இருந்தா ஜாஸ்தி தர்றேன்னு சொல்லிக்கிறாரு. அந்த மெரூனைத்தான் திருப்பித் திருப்பிப் பாத்தாரு சார், தையல் சுத்தமா கீதுன்னு!"

நிம்மதி. கொஞ்சம் கர்வமும்தான். மெதுவாகக் கேட்டேன்: "ஃபோட்டோவைப் பாத்து என்ன சொன்னாரு பாய்?"

"ஃபோட்டோவா?" பாய் சற்று யோசித்தார். "அவரு சாம்பிளையே பையில போட்டுக்கினாரு சார். உங்க ஃபோட்டோ மேலதான் டீ கிளாஸ் வச்சாரு... டேபிள் கறையாவாம தப்பிச்சிது."