வியாகுலம்மாள் அடுக்கிய வீடு

நானும் அம்மாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, டப்பாக்களுக்குப் பெயர் ஒட்டியது. 2006 ஜூலை, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்த பிறகு. அம்மா ஒவ்வொரு டப்பாவையும் காதருகே குலுக்கிவிட்டுப் பெயர் சொன்னாள். நான் அச்சடித்துக் கொண்டுவந்த சீட்டை ஒட்டினேன்.

"திறந்து பாத்துச் சொன்னா என்னம்மா?"

"ஒண்ணொண்ணாத் திறந்து பாக்க உனக்குக் கம்பெனியில சம்பளம் குடுக்காக. எனக்கு யாருடி குடுப்பா? இது கடுகு. ஒட்டு."

முடிந்ததும் "நல்லாருக்கு" என்றாள். அந்த எழுத்துகளில் ஒன்றுகூட அவள் கண்ணுக்குத் தெரியவில்லை. அது எனக்கு அன்று தெரியாது.

பெயர் வியாகுலம்மாள். திண்டுக்கல் முத்தழகுபட்டியில் ஓர் அறையும் சமையலறையும் உள்ள வீடு. 1991இல் லாரி விபத்தில் அப்பா போனார். அம்மா ஒரு பள்ளி விடுதியில் சமையல் வேலை பார்த்து என்னைப் பாலிடெக்னிக் வரை படிக்கவைத்தாள். வீட்டில் புதிதாக வாங்கிய சாமான் எதுவும் கிடையாது. பேகம்பூரில் காதர் பீவி பழைய சாமான் கடை வைத்திருந்தார். சனிக்கிழமை மதியம் என்றால் அம்மா அங்கேதான் இருப்பாள்.

சோடா கம்பெனி கழித்த மரப்பெட்டிகளைப் படுக்கவைத்து ஒன்றன்மேல் ஒன்றாக ஆணி அடித்தாள். பாட்டில் நின்ற குழிகளில் கடுகும் சீரகமும் மிளகும் போய் உட்கார்ந்தன. மூடிப்போன அச்சகத்தின் கட்டம் கட்டமான எழுத்துத் தட்டில் ஊசி, பித்தான், கொக்கி. பள்ளியில் உடைந்த டெஸ்க்கின் நீளத்தைப் பாதியாக அறுத்துப் பின்வாசல் படியோரம் போட்டாள். அதன்மேல் தண்ணீர்க் குடம்.

ஒரு நர்சிங் ஹோமிலிருந்து வந்த இரும்பு மேசையை அவள் எடுத்தபோது நானும் கூட இருந்தேன்.

"அது ஆஸ்பத்திரிக் கட்டிலோரம் கெடந்தது வியாகுலம். பக்கத்துல எத்தன பேரு செத்தாகளோ, வேணாம்" என்றார் காதர் பீவி.

"பொழச்சவுகளும் இருந்திருப்பாகளே பீவிக்கா. அவுக மேசைன்னு நெனச்சுக்கிறேன்."

நான் கோயம்புத்தூரில் ஒரு பம்பு ஆலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் சேர்ந்தேன். அங்கே ஒரு பயிற்சி கொடுத்தார்கள். ஓராண்டு யாரும் தொடாத பொருளுக்குச் சிவப்புச் சீட்டு. சீட்டு விழுந்தால் வெளியே. அந்த ஜூலையில் மூன்று நாள் விடுப்பில் வந்து அதையே வீட்டில் செய்தேன். எல்லாம் ஒரே அளவில், ஒரே வரிசையில் இருக்க வேண்டும் என்று புது அலமாரியும் எவர்சில்வர் ஸ்டாண்டும் வாங்கினேன். அம்மா தினமும் தொட்ட பொருள்களுக்கும் சீட்டு ஒட்டினேன், அவை பழையவை என்பதற்காக. இது பயிற்சியில் இல்லாத விதி.

அம்மா பின்னாலேயே தடவிக்கொண்டு வந்தாள்.

"டெஸ்க்குமாடி?"

"அதுவும்தாம்மா. கரையான் அரிச்சுப் போச்சு."

"சரி. செவப்பு ஒட்டுனா தூக்கிருவீக போல. எனக்கும் ஒண்ணு ஒட்டிறாத."

இருவரும் சிரித்தோம். பழைய இரும்புக்காரர் வண்டியில் எல்லாம் போயிற்று.

கண் தெரியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பேன். அவள் சொல்லாததற்குக் காரணம் நான்தான். "உனக்கு ஒடம்புக்கு ஏதாச்சும் ஆச்சு, அன்னைக்கே வீட்டப் பூட்டிக் கோயமுத்தூர் கூட்டிட்டுப் போயிருவேன்" என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவளுக்கு அந்த வீட்டில் இருக்க வேண்டும். அதனால் வாயை மூடிக்கொண்டு, டப்பாவைக் குலுக்கிப் பெயர் சொன்னாள்.

செப்டம்பரில் ஒரு திங்கட்கிழமை காலை பின்வாசல் படியில் விழுந்தாள். பக்கத்து வீட்டுச் சகாயராணி போன் செய்தார். இடுப்பெலும்பு முறிவு. பிறகு நான் அந்த இடத்தை அளந்தேன். படி ஒன்பது அங்குலம். டெஸ்க் இருபத்தெட்டு அங்குலம் இருந்திருக்கும், இறங்கும்போது கை ஊன்றச் சரியான உயரம். அந்த இடம் காலியாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் கண் டாக்டர் அம்மாவைச் சோதித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். கண் அழுத்த நோய், மூன்று வருடமாவது ஆகியிருக்கும், யாரும் கவனிக்கவில்லையா என்றார். அம்மாவைக் கேட்டேன்.

"வீட்டுக்குள்ள எனக்கு எதுக்குடி கண்ணு? கை வச்ச எடத்துல சாமான் இருந்துச்சு."

கோபமாகச் சொல்லவில்லை. பத்தாம் நாள் நிமோனியாவில் இறந்தாள்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து பேகம்பூர் போனேன். பழைய சாமான்களில் ஏதாவது காதர் பீவி கடைக்குத் திரும்ப வந்திருக்குமா என்று கேட்டேன்.

"மரமெல்லாம் வெறகாப் போயிருக்கும்மா" என்றார். பிறகு, "உங்கம்மா ஆகஸ்ட்டுல வந்துச்சு. சகாயராணி கையப் பிடிச்சுக்கிட்டு. குழி குழியா உள்ளது ஏதாச்சும் வந்தா எடுத்து வையுங்கக்கா, ஏஞ்சலினுக்குத் தெரிய வேணாம், புள்ள ஆசையா வாங்குனத ஓரமாத் தள்ளிக்கிறேன்னுச்சு."

சுவரோரம் ஒரு சாக்கை விலக்கிக் காட்டினார். தபால் பிரிக்கிற மர அடுக்கு.

"இது வந்ததும் சொல்லி அனுப்புனேன். செவ்வாக்கெழமை அந்தோணியார் கோயில் முடிஞ்சு வந்து எடுத்துக்கிறேன்னுச்சு."

அம்மா விழுந்தது அதற்கு முந்தைய நாள்.

"வண்டி பேசியிருந்தாங்களா?" என்று கேட்டேன்.

"பேசாம இருக்குமா? வண்டி வந்துச்சு. ரொம்ப நேரம் நின்னுட்டுப் போச்சும்மா."