ஊதிக் காட்டியவர்

எண்பதுகளின் கடைசியில், வண்டலூர் பக்கம் ஒரு கல்குவாரியில் பழைய பொக்லைன் ஒன்றைப் பழுது பார்க்கப் போனேன்.

"வண்டிக்கு ஒண்ணுமில்ல. மத்தியானமானா டிரைவர் தண்ணியப் போட்டுட்டுத் தூங்கி வழியுறான்," என்றார் முதலாளி.

அந்த டிரைவருக்கு ஐம்பது வயதிருக்கும். காக்கிச் சட்டையின் கழுத்துப் பித்தானைக்கூட மாட்டியிருந்தார். சாப்பிட்டு வந்ததும், லாரிக்காரர்கள் பார்க்க, குடிக்கவில்லை என்று முதலாளியிடம் வாயை ஊதிக் காட்டினார். தினமும் அப்படித்தானாம்.

எண்ணெய் அழுத்தம் பார்க்கக் காலையிலேயே கேஜ் மாட்டியிருந்தேன். அப்போது முள் சரியாக நின்றது. மத்தியானம் எண்ணெய் சூடேறிய பிறகு பாதிக்கு இறங்கிவிட்டது. கல்லைத் தூக்கிய வண்டியின் கை நடுவிலேயே நின்றது. பம்ப் உள்ளே தேய்ந்திருந்தது.

"எத்தனை நாளா இப்படி?" என்று டிரைவரைக் கேட்டேன்.

"தெரியல சார். கொஞ்சங் கொஞ்சமா கொறஞ்சிகினே வந்துச்சா, எனக்குத்தான் வயசாயிடுச்சுன்னு நெனச்சிகினேன்."

முதலாளியைக் கூப்பிட்டு முள்ளைக் காட்டினேன். பார்த்துவிட்டு டிரைவர் பக்கம் திரும்பினார். என்ன சொல்ல வந்தாரோ, அதற்குள் டிரைவர் பழக்கத்தில் அவர் முகத்துக்கு நேரே ஊதினார்.

லாரிக்காரர்கள் யாரும் சிரிக்கவில்லை. நான் குனிந்து கேஜைக் கழற்ற ஆரம்பித்தேன். என் பக்கத்தில் முதலாளியும் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டார்.