முன்னால் ஓடினவள் நின்றுவிட்டாள்

போன வருஷம் நடந்தது இது. மாத்தளை டவுனிலிருந்து தினமும் பஸ் ஏறி, எல்கடுவ பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலைக்குக் கணக்குப் படிப்பிக்கப் போகிறவள் நான். விளையாட்டு டீச்சர் மாற்றலாகிப் போனதும் அதிபர் விசிலைத் தூக்கி என் கழுத்தில் மாட்டிவிட்டார். எனக்கோ ஐம்பது வயசு, சீனி வியாதி, நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். கோபம் மட்டும் குறைவில்லாமல் வரும்.

வலயப் போட்டியில் பெண்பிள்ளைகளுக்கு மலைப்பாதை ஓட்டம் இருந்தது. லயம் என்கிற தோட்டத்து வீட்டு வரிசையில், ஒரே லயத்துப் பிள்ளைகள் நாலு பேரைச் சேர்த்தேன். அதில் குட்டையாக ஒருத்தி, குள்ளச்சி என்பார்கள்; நெட்டையாக ஒருத்தி, நெட்டச்சி. நெட்டச்சிக்குக் கால் தரையில் படுகிறதா என்று சந்தேகம் வரும், அப்படி ஓடுவாள். முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் மாகாணப் போட்டிக்குப் போகலாம். எங்கள் பாடசாலையிலிருந்து அதுவரை யாருமே போனதில்லை. இவளை எப்படியாவது அனுப்பிவிடணும் என்று எனக்கு வெறியே பிடித்துவிட்டது. காலையில் வெறும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வருகிறார்களே என்று, நாலு பேருக்கும் கடலையும் முட்டையும் அவித்துக்கொண்டு போவேன்.

போட்டியன்று கடைசி ஏற்றத்தில் போய் நின்றேன். நெட்டச்சிதான் முதலாவதாக வந்தாள். பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம் ஆளே இல்லை. "ஓடு மகள், ஓடு!" என்று கத்தினேன். என் முன்னால் வந்தவள் சட்டென்று நின்று திரும்பிப் பார்த்தாள்.

"என்னடி நிக்கிற? ஓடு!"

"குள்ளச்சியக் காணலயே டீச்சர். அவ வரட்டும்."

யா அல்லாஹ், எனக்கு வந்த ஆத்திரம்! விசில் ஊதினேன், கையைத் தட்டினேன், வாய்க்கு வந்தபடி திட்டினேன். அசையவில்லை. மற்றப் பாடசாலைப் பிள்ளைகள் ஆறேழு பேர் அவளைக் கடந்து போனார்கள். எங்கள் மற்ற ரெண்டு பேரும் வந்து அவளோடயே நின்றுகொண்டார்கள். கடைசியில் குள்ளச்சி இடுப்பைப் பிடித்துக்கொண்டு வளைவில் தெரிந்ததும், நாலு பேரும் சேர்ந்து சிரித்துக்கொண்டே ஓடினார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஓட்டம் முடிந்ததும், "புத்தியிருக்கா உங்களுக்கு?" என்று பிடித்துக்கொண்டேன்.

"நாங்க ஸ்கூலுக்கு வாற பாதையில குளவி, காட்டுப்பன்னி எல்லாம் இருக்கு டீச்சர். ஒருத்திய விட்டுட்டு லயத்துக்குப் போனா அம்மா வெளக்கமாத்தத் தூக்குவாங்க" என்றாள் நெட்டச்சி.

"போட்டியிலயுமாடி?"

"பழகிருச்சே டீச்சர்."

தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். அப்போது ஒலிபெருக்கியில் எங்கள் பாடசாலைப் பேர் கேட்டது. குழுவுக்கும் தனியாக ஒரு பரிசும் மாகாணப் போட்டிக்கு ஓர் இடமும் இருந்திருக்கிறது. நாலு பேரும் ஓடி முடித்தால்தான் அது கிடைக்கும். மற்ற ஒவ்வொரு பாடசாலையிலும் ஒருத்தியாவது ஏற்றத்தில் உட்கார்ந்துவிட்டாள். முழுசாக வந்து சேர்ந்தது எங்கள் நாலு பேர் மட்டும்தான். ஆக, நாலு பேருமே மாகாணத்துக்கு! விதித்தாளை ஒழுங்காக வாசிக்காத கணக்கு டீச்சர் அந்த மைதானத்தில் குதித்த குதியில் ஒரு செருப்பு எங்கேயோ போய்விட்டது.

மாகாணத்தில் பதக்கம் ஒன்றும் வரவில்லை. ஆனால் அதற்குப் பழகின நாட்களில், "டீச்சரும் வாங்க, சீனி குறையும்" என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள். முதல் நாளே பாதி ஏற்றத்தில் மூச்சு முட்டி நின்றுவிட்டேன். "நீங்க போங்கடி" என்றேன். போகவில்லை. மேலே வளைவில் நாலு பேரும் நின்று, "மெதுவா வாங்க டீச்சர்" என்று கூப்பிட்டார்கள். யாரும் விசில் ஊதவில்லை, யாரும் திட்டவில்லை. ஏறிவிட்டேன்.

இன்றைக்கும் அவர்களோடு அந்த மலை ஏறுகிறேன். சீனியும் குறைந்திருக்கிறது. அன்றைக்கு அவளை அப்படித் திட்டினேனே என்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அவள் என் பேச்சைக் கேட்கவில்லையே என்று நினைத்தால் அதைவிடச் சந்தோஷமாக இருக்கிறது.